பில் ஷாங்க்லி

வில்லியம் ஷாங்க்லி (செப்டம்பர் 2, 1913 - செப்டம்பர் 29, 1981) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த காற்பந்து ஆட்டக்காரரும் மேலாளரும் ஆவார். பில் ஷாங்க்லி என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். 1959 டிசம்பர் முதல் 1974 ஜூலை வரை இங்கிலாந்தின் லிவர்பூல் காற்பந்துக் கழகத்தின் மேலாளராகப் பணியாற்றினார். அவர் பொறுப்பேற்றபோது அக்கழகம் இரண்டாம் பிரிவில் ஆறாவது பருவமாகத் தேங்கிக் கிடந்தது. அவர் விலகியபோது மூன்று முதற் பிரிவுப் பட்டங்களையும், இரண்டு எஃப். ஏ. கோப்பைகளையும், ஒரு யூஈஎஃப்ஏ கோப்பையையும் அவர் காலத்தில் வென்றிருந்தது.

ஷாங்க்லியின் பெயர் பெரும்பாலும் இவ்வெற்றிகளோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஆயினும், மேலாளராக அவர் கழித்த முதல் பதின்மூன்று ஆண்டுகள் முழுவதும் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளிலேயே கழிந்தன. பணமில்லாத கழகங்கள், பழுதடைந்த மைதானங்கள், மயிரிழையில் கைநழுவிய பதவி உயர்வுகள் ஆகியவற்றின் நடுவேதான் அவருடைய முறைகள் உருவாயின. அவ்வகையில் லிவர்பூல் கழகத்தின் 1959-60 பருவம் அவர் வாழ்க்கையின் திருப்புமுனையாகக் கருதத்தக்கது.

இங்கிலாந்தின் பிரிவு முறை

ஷாங்க்லியின் பணியைப் புரிந்துகொள்ள அக்காலத்துப் போட்டி அமைப்பைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். இங்கிலாந்தின் காற்பந்து லீக் 1888 ஆம் ஆண்டு தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் முதற் பிரிவிலும் இரண்டாம் பிரிவிலும் தலா 22 கழகங்கள் இருந்தன. ஒவ்வொரு கழகமும் மற்றக் கழகங்களுடன் சொந்த மைதானத்தில் ஒரு முறையும் எதிரணியின் மைதானத்தில் ஒரு முறையுமாக, மொத்தம் 42 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு 2 புள்ளிகளும் சமநிலைக்கு 1 புள்ளியும் வழங்கப்பட்டன.

பருவ முடிவில் முதற் பிரிவின் கடைசி இரண்டு கழகங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும். இரண்டாம் பிரிவில் முதல் இரண்டு இடங்களைப் பெற்ற கழகங்கள் முதற் பிரிவுக்கு உயர்த்தப்படும். மூன்றாம் இடத்திற்கு எந்தப் பயனும் இல்லை. இன்றைய முறையில் உள்ளதுபோல் அடுத்த இடங்களில் வந்த கழகங்களுக்கெனத் தனியே தகுதிப் போட்டி எதுவும் அப்போது கிடையாது. மூன்றாம் பிரிவு 1958 வரை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்திருந்தது. அவை ஒவ்வொன்றிலிருந்தும் முதலிடம் பெற்ற ஒரு கழகம் மட்டுமே மேலே செல்ல முடியும்.

இப்போட்டியில் வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாட்டில் விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதைவிடச் சற்றே கூடுதலான இடைவெளியில்தான் லிவர்பூல், மான்செஸ்டர், பிரெஸ்டன் ஆகிய மூன்று நகரங்களும் ஒன்றுக்கொன்று அமைந்துள்ளன. இந்தச் சிறு நிலப்பரப்பில் பல தொழில்முறைக் கழகங்கள் ஆலை, துறைமுகத் தொழிலாளர்களின் ஆதரவை நம்பி இயங்கின. ஒரு கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால், பக்கத்து ஊர்க் கழகம் மேலே இருப்பதை அவ்வூரார் வாரந்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இளமை

ஷாங்க்லி ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் உள்ள கிளென்பக் என்னும் நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஜான், பார்பரா. பத்துக் குழந்தைகளில் ஒன்பதாவதாகவும், ஐந்து ஆண்மக்களில் இளையவராகவும் பிறந்தார். தந்தை தையல் தொழில் செய்தார். ஐந்து சகோதரர்களும் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர்கள் ஆயினர். தாய்மாமன்மார் இருவரும் ஆட்டக்காரர்களாக இருந்து பின்னர்க் கழக நிருவாகத்தில் இடம்பெற்றவர்கள்.

கிளென்பக் சில நூறு பேரே வாழ்ந்த ஊர். எனினும் அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது தொழில்முறை ஆட்டக்காரர்கள் தோன்றியதாகக் கணக்கிடப்படுகிறது. கிளென்பக் செர்ரிபிக்கர்ஸ் என்பது அவ்வூர் அணியின் பெயர். சுரங்கத்தை விட்டு வெளியேற அவ்வூர் இளைஞர்களுக்கு இருந்த மிகச் சில வழிகளுள் காற்பந்தும் ஒன்று.

ஷாங்க்லி 1928 இல், தமது 14 ஆம் அகவையில், பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் சுரங்கம் மூடப்பட்டது, அவரும் வேலையிழந்தார். ஊரும் படிப்படியாக வெறிச்சோடியது. பின்னாளில் அப்பகுதியில் திறந்தவெளிச் சுரங்கம் வெட்டப்பட்டதால் கிளென்பக் இருந்த அடையாளமே பெரும்பாலும் அழிந்துவிட்டது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்காகச் சில சிற்றூர்கள் இடம்பெயர்ந்ததை அறிந்தவர்களுக்கு இது புதியதாகத் தோன்றாது.

ஒருவருக்கொருவர் தோள் கொடுக்காவிட்டால் உயிர் பிழைக்க முடியாது என்ற சுரங்கத் தொழிலாளர் வாழ்க்கை ஷாங்க்லியின் சிந்தனையில் ஆழமாகப் பதிந்தது. அவர் ஒரு சமவுடைமையாளராகவே தம்மைக் கருதினார். எல்லாரும் உழைத்து, எல்லாரும் பயனைப் பகிர்ந்துகொள்வது என்னும் கொள்கையை ஆட்டக் களத்திற்கும் பொருத்திப் பார்த்தார். இதே காலப்பகுதியில் ஸ்காட்லாந்தின் சுரங்கப் பகுதிகளிலிருந்து மேலும் இரண்டு பெரும் மேலாளர்கள் தோன்றினர். மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தின் மாட் பஸ்பியும், கிளாஸ்கோவின் செல்ட்டிக் கழகத்தின் ஜாக் ஸ்டைனும் அவ்விருவர் ஆவர்.

ஆட்டக்காரராக

குரோன்பெரி எக்லின்டன் என்னும் உள்ளூர் அணியில் ஆடிவந்த ஷாங்க்லியை 1932 ஆம் ஆண்டு கார்லைல் யுனைட்டெட் கழகம் சேர்த்துக்கொண்டது. அக்கழகம் அப்போது மூன்றாம் பிரிவு வடக்கில் இருந்தது. ஒரே பருவம் அங்கு ஆடிய பின்னர், 1933 ஜூலையில் 500 பவுண்டு தொகைக்குப் பிரெஸ்டன் நார்த் எண்ட் கழகத்திற்கு மாற்றப்பட்டார்.

பிரெஸ்டன், 1888-89 இல் நடைபெற்ற முதல் லீக் போட்டியில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்ற கழகமாகும். எனினும் ஷாங்க்லி சேர்ந்தபோது அது இரண்டாம் பிரிவில் இருந்தது. வலப்பக்க இடைநிலை ஆட்டக்காரரான அவர் 1933 டிசம்பரில் அணியில் இடம்பெற்று அதனைத் தக்கவைத்துக் கொண்டார். அப்பருவத்தின் முடிவில் கிரிம்ஸ்பி டவுனுக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றுப் பிரெஸ்டன் முதற் பிரிவுக்கு உயர்ந்தது. இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறும் அனுபவம் அவருக்கு 20 ஆம் அகவையிலேயே வாய்த்தது.

1937 ஆம் ஆண்டு எஃப். ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் பிரெஸ்டன் அணி சண்டர்லாந்திடம் 1-3 எனத் தோற்றது. அடுத்த ஆண்டு ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் அணியை 1-0 என வென்று கோப்பையைப் பெற்றது. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஜார்ஜ் மட்ச் அடித்த பெனால்டி கோல் அவ்வாட்டத்தை முடிவு செய்தது. அதே 1938 ஆம் ஆண்டில் ஷாங்க்லி ஸ்காட்லாந்து நாட்டு அணிக்கும் தேர்வானார்.

அவருடைய ஆட்டத் திறன் உச்சத்தில் இருந்த காலத்தை இரண்டாம் உலகப் போர் எடுத்துக்கொண்டது. போர்க் காலத்தில் அரச வான்படையில் பணியாற்றினார். 1944 இல் நெஸ்ஸியை மணந்தார். போருக்குப் பின்னர்ப் பிரெஸ்டனுக்குத் திரும்பிய அவர், 1949 மார்ச்சில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

கீழ்ப் பிரிவுகளில் மேலாளராக

ஓய்வு பெற்ற அதே மாதம், தாம் முதலில் ஆடிய கார்லைல் யுனைட்டெட் கழகத்திற்கே மேலாளராகச் சென்றார். 1950-51 பருவத்தில் அக்கழகம் மூன்றாம் பிரிவு வடக்கில் மூன்றாம் இடம் பெற்றது. வெற்றிக்கு ஊக்கத்தொகை தருவது தொடர்பாக இயக்குநர் குழுவுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அங்கிருந்து விலகினார்.

1951 ஆம் ஆண்டிலேயே லிவர்பூல் கழகம் ஷாங்க்லியை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. அணித் தேர்வில் இயக்குநர்களின் சொல்லே இறுதியானது என அறிந்ததும் அவருக்கு அப்பதவியில் நாட்டமில்லாமல் போயிற்று. அப்பதவி டான் வெல்ஷ் என்பவருக்குச் சென்றது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மேலாளருக்கே உரியது என்பதில் ஷாங்க்லி வாழ்நாள் முழுவதும் உறுதியாக இருந்தார்.

அதன்பின் கிரிம்ஸ்பி டவுன் கழகத்தில் சேர்ந்தார். அது அப்போதுதான் இரண்டாம் பிரிவிலிருந்து இறங்கியிருந்தது. 1951-52 பருவத்தில் கிரிம்ஸ்பி 66 புள்ளிகள் பெற்றும், 69 புள்ளிகள் பெற்ற லிங்கன் சிட்டியே மேலே சென்றது. வயது முதிர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மாற்றாகப் புதியவர்களை வாங்கக் கழகத்திடம் பணம் இல்லாததால் 1954 ஜனவரியில் அங்கிருந்தும் விலகினார்.

அடுத்துச் சென்ற வொர்க்கிங்டன், லீக்கில் மிகக் கீழ்நிலையில் இருந்த கழகங்களுள் ஒன்று. ரக்பி அணி ஒன்றுடன் மைதானத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்ததால் ஆடுகளம் சேறும் குழியுமாகக் கிடந்தது. அஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது, தொலைபேசி அழைப்புகளை ஏற்பது, வங்கியிலிருந்து ஊதியப் பணத்தைப் பெற்றுவருவது ஆகிய அலுவலகப் பணிகளையும் மேலாளரான ஷாங்க்லியே செய்தார். ஆயினும் 1954-55 பருவத்தில் அவ்வணி எட்டாம் இடம் பெற்றது.

ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன்

1955 இறுதியில், பிரெஸ்டனில் தம்முடன் ஆடிய ஆண்டி பீட்டியின் அழைப்பை ஏற்று ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் கழகத்தில் துணைப் பொறுப்பில் சேர்ந்தார். ஹடர்ஸ்ஃபீல்ட் 1924, 1925, 1926 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து முதற் பிரிவுப் பட்டம் வென்ற பெருமைக்குரியது. ஆனால் ஷாங்க்லி சேர்ந்த பருவத்தின் முடிவிலேயே இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. 1956 நவம்பரில் பீட்டி விலக, ஷாங்க்லி மேலாளர் ஆனார்.

அவருடைய அணி 1956-57 இல் 12 ஆம் இடத்தையும், 1957-58 இல் 9 ஆம் இடத்தையும், 1958-59 இல் 14 ஆம் இடத்தையும் பெற்றது. எண்களைப் பார்த்தால் இவை எவ்வகையிலும் சிறப்பானவை அல்ல. எனினும் இளையோரை நம்பி அணியில் சேர்க்கும் துணிவு அவருக்கு இருந்தது. அபர்டீனிலிருந்து வந்த மெலிந்த சிறுவனான டெனிஸ் லா, 1956 டிசம்பர் 24 அன்று தமது 16 ஆம் அகவையில் முதல் அணியில் ஆடினார். பிற்காலத்தில் அவர் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 1966 இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ரே வில்சனும் ஷாங்க்லியின் ஹடர்ஸ்ஃபீல்ட் அணியில் வளர்ந்தவரே.

இக்காலத்தில் நடந்த ஓர் ஆட்டம் லீக் வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1957 டிசம்பர் 21 அன்று இலண்டனில் சார்ல்டன் அத்லெட்டிக் அணிக்கு எதிராக ஹடர்ஸ்ஃபீல்ட் 5-1 என முன்னிலையில் இருந்தது. எதிரணி வீரர் ஒருவர் தொடக்கத்திலேயே காயமுற்று வெளியேறியிருந்தார். மாற்று ஆட்டக்காரர்களுக்கு அப்போது அனுமதி இல்லாததால் சார்ல்டன் பத்துப் பேருடனேயே ஆடியது. அவ்வாறிருந்தும் ஜானி சம்மர்ஸ் தனியொருவராக ஐந்து கோல்கள் அடிக்க, ஆட்டம் 7-6 எனச் சார்ல்டனுக்குச் சாதகமாக முடிந்தது. ஆறு கோல்கள் அடித்தும் தோற்ற அணியின் மேலாளராக ஷாங்க்லி ஊர் திரும்பினார்.

இதற்கு நேர்மாறாக, 1958 அக்டோபரில் அவருடைய அணி லிவர்பூலை 5-0 எனத் தோற்கடித்தது. லிவர்பூல் இயக்குநர்கள் இவ்வாட்டத்தை மறக்கவில்லை. ஹடர்ஸ்ஃபீல்ட் நிருவாகமோ பெரும் பொருட்செலவுக்கு முன்வரவில்லை. ஷாங்க்லி வாங்க விரும்பிய ஆட்டக்காரர்கள் வாங்கப்படாமலேயே போயினர்.

லிவர்பூலின் தேக்கம்

லிவர்பூல் 1901, 1906, 1922, 1923, 1947 ஆகிய ஆண்டுகளில் முதற் பிரிவுப் பட்டம் வென்ற கழகம். 1953-54 பருவத்தில் கடைசி இடமான 22 ஆம் இடத்தைப் பெற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதே பருவத்தில் அந்நகரின் மற்றொரு கழகமான எவர்ட்டன் இரண்டாம் பிரிவிலிருந்து முதற் பிரிவுக்கு உயர்ந்தது. ஒரே நகரில், ஒரு பூங்காவின் இரு புறத்திலும் அமைந்த இரண்டு மைதானங்களில் ஒன்று மேலும் மற்றொன்று கீழும் ஆயின.

1954 டிசம்பர் 11 அன்று பர்மிங்காம் சிட்டியிடம் 1-9 எனத் தோற்றது லிவர்பூல் வரலாற்றில் மிகப் பெரிய தோல்வியாகும். 1959 ஜனவரியில் லீக்கிலேயே இடம்பெறாத வூஸ்டர் சிட்டி என்னும் சிறு அணியிடம் 1-2 எனத் தோற்று எஃப். ஏ. கோப்பையிலிருந்து வெளியேறியது. இரண்டாம் பிரிவில் அது இருந்த எட்டுப் பருவங்களின் இறுதி நிலைகள் பின்வருமாறு:

1954-55: 11 ஆம் இடம்
1955-56: 3 ஆம் இடம்
1956-57: 3 ஆம் இடம்
1957-58: 4 ஆம் இடம்
1958-59: 4 ஆம் இடம்
1959-60: 3 ஆம் இடம்
1960-61: 3 ஆம் இடம்
1961-62: முதலிடம்

இப்பட்டியல் ஓர் உண்மையைக் காட்டுகிறது. லிவர்பூல் அழிந்துகொண்டிருந்த கழகம் அன்று; ஆண்டுதோறும் ஓரிரு படிகள் குறைவாகவே நின்றுவிட்ட கழகம். இத்தகைய நிலை சில வகைகளில் முழு வீழ்ச்சியைவிடக் கடினமானது. மைதானத்திற்கு மக்கள் தொடர்ந்து வந்தனர். கழகமும் கடனில் மூழ்கவில்லை. எனவே பெரிதாக எதையும் மாற்ற வேண்டும் என்ற நெருக்கடி இயக்குநர்களுக்கு ஏற்படவில்லை. அக்காலத்து லிவர்பூல், சிறந்த ஆட்டக்காரரான பில்லி லிடெல் என்னும் ஒருவரையே பெரிதும் சார்ந்திருந்தது. அவருக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது.

1959-60 பருவம்

1959 நவம்பரில் மேலாளர் பில் டெய்லர் பதவி விலகினார். அணி அட்டவணையின் நடுப்பகுதியில் இருந்தது. அம்மாதம் 28 ஆம் நாள் ஷாங்க்லியின் ஹடர்ஸ்ஃபீல்ட் லிவர்பூலை 1-0 என வென்றது. சில நாட்களில் அவர் லிவர்பூலின் மேலாளராக அறிவிக்கப்பட்டு, டிசம்பர் 14 அன்று பொறுப்பேற்றார். இம்முறை அணித் தேர்வு உரிமை அவருக்கே வழங்கப்பட்டது.

அவர் கண்ட நிலைமை ஊக்கமளிப்பதாக இல்லை. ஆன்ஃபீல்ட் மைதானத்தின் கழிப்பறைகளில் நீர் வசதி சரியாக இல்லை. ஆடுகளத்திற்குப் போதிய நீர் வரத்து இல்லாததால் அதற்கெனத் தனியே குழாய் அமைக்க வேண்டியிருந்தது. மெல்வுட் என்னும் பயிற்சித் திடல் புதர் மண்டிக் கிடந்தது.

டிசம்பர் 19 அன்று அவருடைய தலைமையில் லிவர்பூல் ஆடிய முதல் ஆட்டத்தில், சொந்த மைதானத்திலேயே கார்டிஃப் சிட்டியிடம் 0-4 எனத் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் சார்ல்டனிடம் 0-3 எனத் தோல்வி. இரண்டு ஆட்டங்களில் ஏழு கோல்கள் வாங்கிய அணி ஒரு கோலும் அடிக்கவில்லை.

புதிய மேலாளர்கள் பதவியேற்றதும் தமக்கு வேண்டிய பயிற்றுநர்களை அழைத்து வருவது வழக்கம். ஷாங்க்லி அவ்வாறு செய்யவில்லை. கழகத்தில் ஏற்கனவே பணியாற்றிய பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் ஆகியோரை அப்படியே வைத்துக்கொண்டார். காலணிகள் வைக்கும் ஒரு சிறிய அறையில் இவர்கள் கூடி ஆட்டங்களை அலசுவது வழக்கமாயிற்று. அவ்வறை பின்னாளில் புகழ்பெற்ற ஒரு நிறுவனம் போலவே பேசப்பட்டது. ஷாங்க்லிக்குப் பிறகு பெய்ஸ்லியும், அவருக்குப் பிறகு ஃபேகனும் மேலாளர்கள் ஆனது இம்முடிவின் நெடுநாள் விளைவு ஆகும்.

பயிற்சி முறை முற்றிலும் மாறியது. சாலையில் நெடுந்தூரம் ஓடுவது குறைக்கப்பட்டு, பந்துடன் கூடிய பயிற்சிக்கு முதன்மை தரப்பட்டது. ஐவர் ஐவராகப் பிரிந்து சிறு களத்தில் ஆடுவது அன்றாடப் பழக்கமானது. நாற்புறமும் பலகைகள் நிறுத்திய ஒரு பெட்டி போன்ற அமைப்பினுள் ஆட்டக்காரர் இடைவிடாது பந்தை உதைத்து, திரும்பி வரும் பந்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பந்தைப் பெறு, உடனே கடத்து, வெற்றிடத்திற்கு நகர் என்பதே பயிற்சியின் சாரம். ஆட்டக்காரர்கள் ஆன்ஃபீல்டில் உடை மாற்றி, பேருந்தில் மெல்வுட் சென்று, பயிற்சி முடிந்ததும் மீண்டும் ஆன்ஃபீல்டுக்கே வந்து குளித்தனர். உடல் மெல்லத் தணிவதற்கு அப்பயண நேரம் உதவியதால், தசைப் பிடிப்புகளும் காயங்களும் குறைந்தன என்று ஷாங்க்லி கருதினார்.

படிப்படியாக அணி நிமிர்ந்தது. பருவ முடிவில் ஆஸ்டன் வில்லா 59 புள்ளிகளுடனும், கார்டிஃப் சிட்டி 58 புள்ளிகளுடனும் முதற் பிரிவுக்கு உயர்ந்தன. லிவர்பூல் 50 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பெற்றது. முன்பிருந்த நிலைக்கு இது முன்னேற்றமே. ஆயினும் பிரிவில் மாற்றம் இல்லை. இப்பருவத்தில் ரோஜர் ஹன்ட், இயன் கலகன் ஆகிய இரண்டு இளைஞர்கள் முதன்முறையாக அணியில் இடம்பெற்றனர். இருவரும் 1966 இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்துக் குழுவில் இருந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டு ஆண்டு இழுபறி

பொறுப்பேற்ற சிறிது காலத்தில் 24 ஆட்டக்காரர்கள் அணிக்கு ஏற்றவர்கள் அல்லர் என ஷாங்க்லி முடிவு செய்ததாகவும், ஏறத்தாழ ஓராண்டுக்குள் அவர்கள் அனைவரும் கழகத்தை விட்டுச் சென்றதாகவும் அறியப்படுகிறது. அதே வேளையில், விற்பனைப் பட்டியலில் இருந்த ஜெரி பர்ன் என்பவரை அணியிலேயே நிறுத்திக்கொண்டார். இந்த பர்ன்தான் 1965 எஃப். ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் காறை எலும்பு முறிந்த நிலையிலும் இறுதிவரை ஆடியவர்.

வெளியேற்றுவது எளிது; புதியவர்களை வாங்குவது கடினமாக இருந்தது. டெனிஸ் லாவை லிவர்பூலுக்குக் கொண்டுவர ஷாங்க்லி விரும்பினார். ஆனால் 1960 மார்ச்சில் 55,000 பவுண்டு கொடுத்து மான்செஸ்டர் சிட்டி அவரைப் பெற்றது. லீட்ஸ் யுனைட்டெட் கழகத்தின் ஜாக் சார்ல்டனை வாங்கும் முயற்சியும் தொகை போதாமல் கைகூடவில்லை. 1960-61 பருவத்தில் லிவர்பூல் 52 புள்ளிகளுடன் மீண்டும் மூன்றாம் இடமே பெற்றது. இப்ஸ்விச் டவுனும் ஷெஃபீல்ட் யுனைட்டெட்டும் மேலே சென்றன. கேட்ட ஆட்டக்காரர்கள் கிடைக்காத ஏமாற்றத்தில் ஷாங்க்லி பதவி விலகவும் எண்ணியதுண்டு.

எரிக் சாயர் என்பவர் இயக்குநர் குழுவில் சேர்ந்த பின்னர் நிலைமை மாறியது. நல்ல ஆட்டக்காரர்களுக்குச் செலவிடுவது வீண் செலவு அன்று என்ற ஷாங்க்லியின் வாதத்தை அவர் ஏற்றுக் குழுவையும் ஏற்கச் செய்தார். 1961 மே மாதத்தில் மதர்வெல் கழகத்திலிருந்து முன்கள ஆட்டக்காரர் இயன் செயின்ட் ஜான் 37,500 பவுண்டுக்கு வாங்கப்பட்டார். எவர்ட்டனுக்கு எதிரான உள்ளூர்க் கோப்பை ஆட்டமொன்றில் லிவர்பூலுக்காக முதன்முறை ஆடிய அவர் மூன்று கோல்கள் அடித்தார். அவ்வாட்டத்தில் லிவர்பூல் 3-4 எனத் தோற்றது. ஜூலையில் டண்டீ யுனைட்டெட் கழகத்திலிருந்து ஓங்கிய உருவம் கொண்ட ரான் யேட்ஸ் தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்க வந்தார். விரைவில் அணித்தலைவரும் ஆனார். பிரெஸ்டனிலிருந்து வந்த கோர்டன் மில்ன் முந்தைய ஆண்டே சேர்ந்திருந்தார்.

1961-62 பருவத்தில் லிவர்பூல் தொடக்கத்திலேயே முன்னிலை பெற்றது. 42 ஆட்டங்களில் 27 வெற்றி, 8 சமநிலை, 7 தோல்வியுடன் 62 புள்ளிகள் பெற்றது. 99 கோல்கள் அடித்து 43 கோல்கள் வாங்கியது. சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ரோஜர் ஹன்ட் மட்டும் லீக் ஆட்டங்களில் 41 கோல்கள் அடித்தார். 1962 ஏப்ரல் 21 அன்று மழையில் நனைந்த ஆன்ஃபீல்டில் சவுதாம்ப்டனை 2-0 என வென்றதும் உயர்வு உறுதியாயிற்று. இரண்டு கோல்களையும் கெவின் லூயிஸ் அடித்தார். இரண்டாம் இடம் பெற்ற லேட்டன் ஓரியண்ட் 8 புள்ளிகள் பின்தங்கியிருந்தது.

அதே 1962 வசந்தத்தில் ஷாங்க்லியின் அண்ணன் பாப் ஷாங்க்லியை மேலாளராகக் கொண்ட டண்டீ கழகம் ஸ்காட்லாந்தின் முதற் பிரிவுப் பட்டத்தை வென்றது. கிளென்பக் ஊரின் ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் ஒரே பருவத்தில் இரு நாடுகளிலும் லீக் பட்டங்களைப் பெற்றனர்.

முதற் பிரிவில்

உயர்ந்த முதல் பருவத்தில் லிவர்பூல் எட்டாம் இடம் பெற்றது. 1962-63 பட்டத்தை எவர்ட்டன் வென்றது. அடுத்த ஆண்டே, 1963-64 இல், லிவர்பூல் முதற் பிரிவுப் பட்டத்தைக் கைப்பற்றியது. 1965 மே 1 அன்று லீட்ஸ் யுனைட்டெட்டைக் கூடுதல் நேரத்தில் 2-1 என வென்று, கழக வரலாற்றில் முதன்முறையாக எஃப். ஏ. கோப்பையைப் பெற்றது. 1965-66 இல் மீண்டும் லீக் பட்டம் வென்றது. ஆட்டக்காரர்கள் தலை முதல் கால் வரை முழுச் சிவப்பில் ஆடும் வழக்கம் 1964 நவம்பரில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஷாங்க்லியால் தொடங்கப்பட்டது.

ஐரோப்பியப் போட்டிகளில் முதலில் தடுமாற்றமே இருந்தது. 1965 அரையிறுதியில் இத்தாலியின் இன்டர் மிலான் அணியை முதல் ஆட்டத்தில் 3-1 என வென்றபோதும், மறு ஆட்டத்தில் 0-3 எனத் தோற்று வெளியேறியது. 1966 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் நகரின் அயாக்ஸ் அணியிடம் 1-5 எனத் தோற்றது. 1970 பிப்ரவரியில் எஃப். ஏ. கோப்பையில் இரண்டாம் பிரிவுக் கழகமான வாட்ஃபோர்டிடம் தோற்றபின், தாம் பெரிதும் நேசித்த பழைய அணியைக் கலைத்துப் புதிய அணியை உருவாக்கத் தொடங்கினார். ஸ்கன்தார்ப் என்னும் சிறு கழகத்திலிருந்து 1971 இல் வாங்கப்பட்ட கெவின் கீகன் அப்புதிய அணியின் முகமாக விளங்கினார். 1972-73 இல் லீக் பட்டத்தையும் யூஈஎஃப்ஏ கோப்பையையும், 1974 இல் எஃப். ஏ. கோப்பையையும் இவ்வணி வென்றது.

விலகலும் மறைவும்

1974 ஜூலை 12 அன்று, தமது 60 ஆம் அகவையில், ஷாங்க்லி பதவி விலகுவதாக அறிவித்தார். இது யாரும் எதிர்பாராதது. நகரத் தெருக்களில் செய்தியைக் கேட்டவர்கள் நம்ப மறுத்தனர். குடும்பத்துடன் காலம் கழிக்க விரும்பியதும் நெடுங்காலக் களைப்பும் காரணங்களாகக் கூறப்பட்டன. அதே ஆண்டு அவருக்குப் பிரித்தானிய அரசின் ஓ.பி.ஈ. விருது வழங்கப்பட்டது.

காற்பந்து இல்லாத வாழ்க்கை அவருக்கு எளிதாக இல்லை. விலகிய பின்னரும் பயிற்சிக்காக மெல்வுட் திடலுக்கு வந்துகொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் பழக்கத்தால் அவரையே தலைவர் என அழைத்தது புதிய மேலாளர் பெய்ஸ்லிக்குச் சங்கடத்தை உண்டாக்கியது. நாளடைவில் ஷாங்க்லி அங்குச் செல்வதை நிறுத்திக்கொண்டார். தாம் கட்டிய வீட்டில் தமக்கு இடமில்லை என்ற மனக்குறை அவருக்கு இறுதிவரை இருந்தது. பெய்ஸ்லியோ அவர் அமைத்த அடித்தளத்தின் மீது 1977, 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்.

1981 செப்டம்பர் 26 அன்று மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஷாங்க்லி, மூன்று நாட்களுக்குப் பின் காலமானார். அவருடைய சாம்பல் ஆன்ஃபீல்ட் ஆடுகளத்தில் தூவப்பட்டது. 1982 இல் அவர் பெயர் தாங்கிய வாயிற்கதவுகள் மைதானத்தில் நிறுவப்பட்டன. 1997 இல் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

மதிப்பீடு

ஷாங்க்லியின் பெயரால் பல பொன்மொழிகள் உலவுகின்றன. அவற்றின் புகழ் சில வேளைகளில் அவருடைய உழைப்பை மறைத்துவிடுகிறது. 1949 முதல் 1962 வரை அவர் எந்தப் பட்டமும் வென்றதில்லை. நான்கு கழகங்களில் பணியாற்றியும் ஒன்றையும் மேற்பிரிவுக்கு உயர்த்தவில்லை. ஐந்தாவது கழகத்திலும் முதல் இரண்டு முறை மூன்றாம் இடத்திலேயே நின்றார். முடிவுகளை மட்டும் கொண்டு அளந்திருந்தால் 1961 இல் அவரை ஒரு சராசரி மேலாளர் என்றே எவரும் மதிப்பிட்டிருப்பர்.

ஆனால் அப்பதின்மூன்று ஆண்டுகளில் அவர் கற்றவையே பிறகு பயன் தந்தன. அணித் தேர்வு உரிமையின் தேவையைக் கார்லைலுக்குப் பிந்தைய நேர்காணலிலும், சிறு பணிகளையும் தாமே அறிந்திருப்பதன் பயனை வொர்க்கிங்டனிலும், இளையோரை நம்புவதை ஹடர்ஸ்ஃபீல்டிலும் அவர் உணர்ந்தார். இரண்டாம் பிரிவில் தத்தளித்த ஒரு கழகத்தில் இவை அனைத்தையும் ஒன்றுசேர்க்க அவருக்கு வாய்ப்பும், சற்றே காலமும் கிடைத்தன. இரண்டு முறை மூன்றாம் இடம் பெற்ற மேலாளரை நீக்காமல் பொறுத்திருந்த கழகத்திற்கும் இவ்வெற்றியில் பங்குண்டு.